எந்த அரசுப் பள்ளி செலக்டிவ்? லிஸ்ட் போடுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுல படிப்பைப் பார்த்து ஆள் எடுக்குற, அதாவது செலக்டிவ் அரசுப் பள்ளிகள் எதெதுன்னு புதுசா லிஸ்ட் போட வர்றவங்க, நாங்க அந்தக் காலத்துல வழுக்குன அதே இடத்துலதான் வழுக்குறாங்க. நியூயார்க் ஸ்டைவசன்ட், பாஸ்டன் லாட்டின் மாதிரி ஊருக்கே தெரிஞ்ச செலக்டிவ் பள்ளிங்களை விட்டுடுவோம்.

ரிசல்ட்டைப் பார்த்து முடிவு பண்றது

இதுதான் எனக்கு இன்னிக்கும் எரிச்சல். சமீபத்துல ஒருத்தர் அனுப்புன லிஸ்ட்ல பாதிக்குப் பாதி பணக்காரப் புறநகர் ஹைஸ்கூல், ஏன் சார்னு கேட்டா எஸ்ஏடி (காலேஜ் அட்மிஷனுக்கு எழுதுற பரீட்சை) ஸ்கோரைப் பாருங்க ரேங்கிங்கைப் பாருங்கன்றாரு. சரி, அந்தப் பள்ளிங்களோட அட்மிஷன் பக்கத்தைத் திறங்கன்னேன். கேட்டிருந்தது வாடகை அக்ரிமென்ட்டும் கரண்ட் பில்லும்தான்! அந்த எல்லைக்குள்ள குடியிருக்குற பிள்ளைன்னா மார்க் எவ்ளோ கம்மியா இருந்தாலும் அவங்க சேர்த்துதான் ஆகணும், அங்க ஆளை வடிகட்டுறது வீட்டு விலை. அதனால பிள்ளைங்க வெளிய வரும்போது வாங்குற மார்க்கை விடுங்க, உள்ள போகும்போது என்ன கேட்குறாங்கன்னு பாருங்க.

இந்தப் புறநகர் பள்ளிங்களையும் செலக்டிவ் பள்ளிங்களையும் கலந்துட்டா அப்புறம் அந்த லிஸ்ட்டை வச்சுப் பண்ற ஒப்பீடு மொத்தமும் வீண், வசதியான வீட்டுப் பிள்ளைங்க மார்க்கெல்லாம் செலக்டிவ் பள்ளியோட சாதனைன்னு போய் உக்காந்துடும். நிஜமான பரீட்சைப் பள்ளிங்கள்லயே விஷயம் அவ்ளோ நேரா இல்ல. பாஸ்டன்லயும் நியூயார்க்லயும் கட்-ஆஃபைத் தொட்டு உள்ள போனவங்களையும் மயிரிழையில தவறவிட்டவங்களையும் பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தப்ப, பின்னாடி வாங்குன மார்க்ல பெருசா வித்தியாசமே இல்ல.

சீட் கிடைக்கிறது கஷ்டம், அதனால செலக்டிவ்

குலுக்கல்லயும் கஷ்டம்தான். குலுக்கல் மார்க் பார்க்காது.

பேரைப் பார்த்து முடிவு பண்றது

மேக்னெட்னு (ஏதாவது ஒரு துறையைச் சிறப்பாக் காட்டி பல ஏரியா பிள்ளைங்களை இழுக்குற அரசுப் பள்ளி) போட்டிருக்கும், உள்ள போய்ப் பார்த்தா லாட்டரி, இது நிறைய இடத்துல உண்டு. அதுக்காக சார்ட்டர்னாலே (அரசுப் பணத்துல தனி நிர்வாகம் நடத்துற பள்ளி) லாட்டரின்னு கண்ணை மூடிட்டு லிஸ்ட்ல இருந்து தூக்கிடாதீங்க, நியூ ஆர்லியன்ஸ்ல இருக்குற பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஹைஸ்கூல் சார்ட்டர்தான், ஆனா படிப்பைப் பார்த்துதான் எடுக்குறாங்க. நியூயார்க்ல ஸ்பெஷலைஸ்டு ஹைஸ்கூல் ஒன்பதுல எட்டுக்கு பரீட்சை, கலைப் பள்ளியான லாகார்டியாவுக்கு ஆடிஷன் (திறமையை நேர்ல காட்டணும்). லாகார்டியாவைப் பரீட்சைப் பள்ளிங்களோட சேர்க்காம தனியா எழுதுங்க.

பரீட்சை இல்லன்னதும் தூக்கிடுறது

வர்ஜீனியாவுல இருக்குற தாமஸ் ஜெஃபர்சன் ஹைஸ்கூல்ல நுழைவுத் தேர்வை 2020ல நீக்கிட்டாங்க. ஆனா ஜிபிஏ (பள்ளியில வாங்குன மார்க்கோட சராசரி) பார்க்குறாங்க, கட்டுரை எழுதச் சொல்றாங்க, விண்ணப்பிச்சவங்கள்ல கொஞ்சம் பேருக்குத்தான் சீட். அது செலக்டிவ்தான்.

பள்ளிக்குள்ள ஒரு புரோகிராம்

பள்ளி எல்லாரையும் சேர்த்துட்டு, உள்ள ஒரு புரோகிராமுக்கு மட்டும் படிப்பைப் பார்த்து எடுத்தா, அந்தப் புரோகிராமை மட்டும் எழுதுங்க.

வருஷம் போடாம விடுறது

சான் ஃபிரான்சிஸ்கோ லோவெல் ஹைஸ்கூல்ல 2021லயும் 2022லயும் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு பேட்ச் லாட்டரியில வந்தவங்க, 2023ல இருந்து மறுபடி மார்க். ஒரே பள்ளிக்கு ரெண்டு விதமான பேட்ச். பள்ளிப் பேருக்குப் பக்கத்துல எந்த வருஷ அட்மிஷன் விதியைப் பார்த்து முடிவு பண்ணீங்கன்னு தனியா ஒரு கட்டம் போட்டுடுங்க, அடுத்து அந்த ஷீட்டை எடுக்குறவங்க மறுபடி முதல்ல இருந்து தேட வேண்டியிருக்காது.