ஊருக்குப் போய் ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு

ஹெர்னியா என்கிற குடலிறக்கத்துக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை என்பது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் இலக்கு. வரிசை அதையும் தாண்டி நீளும்போது, கும்பகோணம் பக்கமே போய் முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சரி, போங்கள். பயணக் காப்பீடு திட்டமிட்ட ஆபரேஷனுக்குப் பொதுவாகப் பணம் தராது. அதைவிட முக்கியம், ஆபரேஷன் தேதியைச் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

சொன்னால், "படுத்துட்டா எழுந்திரிக்க நாளாகும், அதுக்கு முன்னாடி அந்த விடுதலைப் பத்திரத்தை முடிச்சுடலாம்ப்பா" என்பார் சித்தப்பா. குடும்பச் சொத்தில் நம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் அது. அதற்கும் முகூர்த்த நாள்தான் பார்ப்பார். அன்றைக்குப் பத்திர ஆபீசில் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள் என்பதால் ஊரே அங்கே நிற்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. காலை டோக்கனுக்கு மதியம் வரை கூப்பிடவில்லை. சர்வர் மெதுவாம். பெஞ்சில் இடமில்லை. ஹெர்னியாக்காரனுக்கு நிற்பதுதான் எமன். நிற்க நிற்கக் குடல் பிதுங்கி இறங்கும். ஒரு கையால் தொடையிடுக்கை அமுக்கிக்கொண்டு மறுகையால் ரேகை வைத்தேன். இயந்திரம் ஏற்க மாட்டேன் என்றது. "லண்டன்ல பாத்திரம் தேச்சு ரேகை அழிஞ்சிருச்சு போல" என்றார் சாட்சிக்கு வந்தவர்.

வீக்கம் உள்ளே போகாமல், கெட்டியாகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் பத்திரமாவது ஒன்றாவது, நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அம்மாவின் கடைசி வருஷங்களில் கூட இருந்தவர் சித்தப்பா. நான் வாட்ஸாப்பில் இருந்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு சித்தப்பா இருந்தால், நமக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்துக்கு லண்டனில் இந்தியத் தூதரகத்திலேயே சான்றொப்பம் வாங்கி அனுப்பிவிடுங்கள். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

வைத்தியத்தைப் பொறுத்தவரை, இருமலையும் மலச்சிக்கலையும் முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டும் தையலை இழுக்கும். சிகரெட்டைச் சில வாரம் முன்பே விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கிடையாது. "வெறும் இட்லிதானே" என்று அத்தை நீட்டுவார், வாங்காதீர்கள்.

கூட இருக்க ஒரு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் மரத்துக் கிடக்கும், சிறுநீர் இறங்கவும் தாமதமாகும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் பாட்டிலைப் பிடித்தது அதே சித்தப்பாதான். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும் டிக்கெட்டை ஒட்டிப் போடாதீர்கள். சிறு துளை போட்டுச் செய்யும் லேப்பராஸ்கோபி என்றால் ஓரிரு நாள், வயிற்றைத் திறந்து செய்யும் சாதாரண ஆபரேஷன் என்றால் 4, 5 நாள் கழித்துப் பறக்கலாம் என்கிறது பிரிட்டிஷ் விமானத் துறை. ஆனால் ஊறுகாயும் பொடியும் திணித்த 23 கிலோ பெட்டியை ஹீத்ரோ பெல்ட்டிலிருந்து இழுக்கப்போவது நீங்கள். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள்.