விதை வாங்கும் முன் வயதைக் கேளுங்கள்: டெல்டாவில் புதிதாக நெல் செய்வோர் சறுக்கும் சொற்கள்

எலி வளையை அடை, களையைக் காலத்தில் எடு என்பதையெல்லாம் பக்கத்து வயல்காரரே சொல்லிவிடுவார். சொல்லாமல் விடுவது, அவர் பிறந்ததிலிருந்தே புழங்கும் சொற்களின் பொருளைத்தான். வெளியூர் வேலையை விட்டுவந்து நெல் செய்ய இறங்குகிறவர்கள் வருடா வருடம் அங்கேயே சறுக்குகிறார்கள்.

மாவும் மூட்டையும்

12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, சுமார் 33 சென்ட். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. ‘பத்து மூட்டை கண்டது’ என்று ஒருவர் சொன்னால் மாவுக்கா ஏக்கருக்கா என்று கேளுங்கள். மூன்று மடங்கு வித்தியாசம். மூட்டை எத்தனை கிலோ என்றும் கேளுங்கள். பேச்சில் மூட்டை பெரும்பாலும் 60 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துச் சிப்பமோ 40 கிலோ.

சம்பா

எரிச்சலூட்டுவது இதுதான். சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா என்று காதில் விழுந்துகொண்டே இருப்பதால், சம்பா என்பதே ஒரு நெல் ரகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். “சம்பா விதை இருக்குங்களா?” “இருக்கு, எத்தனை மூட்டை வேணும்?” வியாபாரம் முடிந்தது. எத்தனை நாளில் அறுவடைக்கு வரும் ரகம், அதாவது அதன் வயது என்ன என்று வாங்கியவர் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

குறுவை, சம்பா, தாளடி மூன்றும் பருவங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். மூன்று பருவங்களும் அந்தத் தண்ணீரை ஒட்டி அமைந்தவை. ஜூன், ஜூலையில் விதைத்தால் குறுவை: ஆடுதுறை 43, ஏ.எஸ்.டி. 16, கோ 51 போன்ற 105 முதல் 115 நாள் ரகங்கள். ஆகஸ்டில் தொடங்கும் ஒருபோக நடவு சம்பா, சி.ஆர். 1009 மாதிரி ஐந்து மாதம் ஓடும் ரகம் அங்கே சரி. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நடுவது தாளடி. அதற்கு ஆடுதுறை 39 போன்ற நான்கு மாத ரகம் போதும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும், நாளை எண்ணிப் பாருங்கள். 110 நாள் ரகத்தை ஆகஸ்ட் 20-இல் விதைத்தால் அறுவடை டிசம்பர் 8. வடகிழக்குப் பருவமழை நடுவில் கதிர் சாயும், சாய்ந்த கதிரிலேயே நெல் முளைவிடும், கொள்முதலுக்கான 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காய வைக்க வெயில் இருக்காது. 155 நாள் ரகத்தை அக்டோபர் 5-இல் தாளடிக்கு விதைத்தால் அறுவடை மார்ச் 9. அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி முதல் வாரத்தில் பூக்கும். அணை மூடிப் பத்து நாள் ஆகியிருக்கும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் அப்போது யாரைக் கேட்டும் தண்ணீர் இல்லை. கதிர் பதராகும். நான்கு மாத ரகமாக இருந்தால் ஜனவரி இறுதியில், அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளித்திருக்க வேண்டிய உளுந்தும் போயிற்று. ஒரு சொல்லுக்கு இரண்டு வெள்ளாமை தண்டம்.

வயது

ரகத்தின் வயது விதைத்த நாளிலிருந்து எண்ணப்படுவது, நட்ட நாளிலிருந்து அல்ல. நாற்றங்காலில் கழிந்த நாளும் அதில் சேர்த்திதான். மாதத்துக்கு ஒரு வாரம் என்பது பழைய கணக்கு: மூன்றரை மாத ரகத்துக்கு மூன்றரை வார நாற்று, அதற்கு மேல் வேண்டாம். முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீர் வரட்டும் என்று குறுவை நாற்றை 35 நாள் வைத்திருந்தால் நாற்றங்காலிலேயே கணு விட்டுவிடும். நட்ட பிறகு தூர் கட்டாமல், அதாவது பக்கத் தண்டுகள் விடாமல், கதிரை நீட்டும். யூரியா கொட்டித் தூரை வரவழைக்கப் பார்ப்பது வீண் செலவு.

காய்ச்சலும் பாய்ச்சலும்

வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் பாய்ச்ச வேண்டும். கால்விரல் நுழையும் அளவு வெடித்தால் அது வெறும் காய்ச்சல். பூக்கும் சமயத்தில் காயவே விடாதீர்கள்.

வீரிய ஒட்டு ரகம்

ஹைப்ரிட் என்பது இதைத்தான். இதன் அறுவடையிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்காதீர்கள்.