பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பால் மாற்று இல்லை

பசும்பால் குடித்தால் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி என்றதும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, "ஆட்டுப்பால் கொடுத்துப் பாரேன்". வேண்டாம். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பசும்பால் ஒவ்வாத பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. எருமைப்பாலும் அப்படியே. நன்றாகக் காய்ச்சினாலும் கேசீன் என்ற பால் புரதம் சிதையாது.

ஒரு வயதுக்குள் தாய்ப்பால்தான் முதலில். அதிலும் தொந்தரவு தெரிந்தால், அம்மா சில வாரம் பால், தயிர், மோர், டீ எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கும்படி மருத்துவர் சொல்லலாம். (டீயை விடுவதுதான் கஷ்டம்.) புட்டிப்பால் என்றால், புரதத்தை உடைத்துத் தயாரித்த பவுடரை அவரே எழுதித் தருவார். 'லாக்டோஸ் இல்லாதது' என்ற டப்பா உதவாது. அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரைதான் இல்லை, புரதம் அப்படியே இருக்கும்.

ஆறு மாதத்துக்கு அப்புறம் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அடிப்பிடிக்காமல் தண்ணீரில் கிண்டிய கூழ் கொடுக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பருப்புச் சாதத்தில் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் அரை ஸ்பூன். நெய்யிலும் பால் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

ரஸ்க், பிஸ்கட், ரெடிமேட் செரியல் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மில்க் சாலிட்ஸ், வே (whey), கேசினேட் என்று பாலிலிருந்து வந்த எதுவும் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108.