குரூஸ் கப்பலில் ஓட்டப் பயிற்சி: தூரத்தைக் குறையுங்கள், வேகத்தை விடாதீர்கள்

வாரம் மூன்று நாள், மொத்தம் 15 கிலோமீட்டர் வரை ஓடுகிற ஒருவர், அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் நான்கு இரவு குரூஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். ஜனவரி தொடக்கத்தில் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டருக்குப் பெயரும் கொடுத்திருக்கிறார். நான்கு நாளும் ஓடாமல் இருந்தால் இத்தனை மாத உழைப்பும் வீணாகிவிடுமோ என்பது அவர் கவலை. ஆகாது. ஆனால் கப்பலில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ளது அவரைப் போன்றவர்களுக்காக. ஏழு இரவுப் பயணமானாலும் இதே முறைதான்.

முதலில் கணக்கு: எதைக் குறைப்பது?

1980களில் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹிக்சன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் எனப் 10 வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு, அடுத்த 15 வாரம் ஏதாவது ஒன்றை மட்டும் குறைத்தார்கள். பயிற்சி நாட்களை 6லிருந்து 2 ஆக்கியபோதும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அதிகபட்சத் திறன் இறங்கவில்லை. நேரத்தை 40 நிமிடத்திலிருந்து 13 நிமிடமாக்கியபோதும் இறங்கவில்லை. தீவிரத்தைக் குறைத்தபோதுதான் இறங்கியது.

ஆகவே கப்பலில் 'தினமும் கொஞ்சம் மெதுவாக ஓடிவைப்போம்' என்பது பலன் குறைவான திட்டம். நான்கு இரவில் இரண்டே ஓட்டம், அதில் ஒன்று மூச்சு வாங்கும் வேகத்தில் இருந்தால் போதும். போட்டிக்கு இரண்டு வாரத்துக்குள் பயணம் வந்தால் இன்னும் நல்லது. அந்தச் சமயத்தில் எப்படியும் தூரத்தைக் குறைக்கத்தான் வேண்டும்.

படி 1: புக் செய்யும்போதே பார்க்க வேண்டியவை

கப்பலின் டெக் பிளானை, அதாவது எந்த டெக்கில் (தளத்தில்) என்ன இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை இறக்கி, ஜாகிங் டிராக் எங்கே என்று பாருங்கள். பெரிய கப்பலில் பெரிய டிராக் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் உறுதியில்லை. ராயல் கரீபியனின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் ஐந்தாம் டெக்கைச் சுற்றி ஓடும் டிராக் ஒரு சுற்றுக்குச் சுமார் 700 மீட்டர். பல கப்பல்களில் டிராக் மேல் டெக்கில், நீச்சல் குளத்துக்கு மேலே ஒரு வளையமாக இருக்கும். ஒரு சுற்று 200 மீட்டரைத் தாண்டினாலே நல்லது. 2023ல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகத் தொடங்கிய கார்டீலியா எம்ப்ரஸ் போன்ற சிறிய கப்பல்களில் டெக் ஓட்டத்தை நம்பாமல் டிரெட்மில்லையும் துறைமுகத்தையும் நம்பித் திட்டமிடுங்கள்.

கேபின் தேர்வும் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் ஆட்டம் குறைவு. தூக்கம் கெட்டால் மறுநாள் ஓட்டமும் கெடும். டிராக்குக்கு நேர் கீழே இருக்கும் கேபின் வேண்டாம். உங்களைப் போன்றவர்கள் காலை ஆறு மணிக்குத் தலைக்கு மேலே ஓடுவார்கள்.

படி 2: பெட்டியில் வைக்க வேண்டியவை

ஓடும் ஷூ ஒரு ஜோடி, கொஞ்சம் பழகினது. டெக்கின் அடியில் இரும்பு. மேலே மெல்லிய ரப்பர் பூச்சோ பெயின்டோதான் இருக்கும். தார்ச்சாலையைவிடக் காலில் அதிகம் அடிக்கும். அதனால் குஷன் உள்ள ஷூவாக இருக்கட்டும், போட்டிக்கான மெல்லிய ஷூ வேண்டாம். சீக்கிரம் உலரும் உடை இரண்டு செட், தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில்.

இதோடு நான்கைந்து காந்தக் கொக்கி எடுத்துப்போங்கள். பெரும்பாலான கேபின் சுவர்கள் உலோகம், கொக்கி அப்படியே ஒட்டிக்கொள்ளும். நனைந்த டி-ஷர்ட்டை அலசிக் குளியலறையில் மாட்டினால் மறுநாளைக்கு உலர்ந்துவிடும். பால்கனியில் மாட்டாதீர்கள். காற்று கொண்டுபோய்விடும், பல கப்பல்களில் அதற்குத் தடையும் உண்டு.

படி 3: ஏறிய அன்று ஓடாதீர்கள், சுற்றிப் பாருங்கள்

முதல் நாள் டெக்கில் கூட்டம் அலைமோதும், பாதுகாப்புப் பயிற்சியும் நடக்கும். அன்றைக்கு இருபது நிமிடம் டிராக்கில் நடங்கள். நடக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- எத்தனை சுற்று ஒரு மைல் என்று பலகை இருக்கும். 1609ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு சுற்றின் மீட்டர் கிடைக்கும். 8 சுற்று ஒரு மைல் என்றால் ஒரு சுற்று 201 மீட்டர். 3 கிலோமீட்டருக்கு 15 சுற்று.
- எந்தத் திசையில் ஓட வேண்டும், எத்தனை மணிக்கு முன்னால் ஓடக்கூடாது.
- எங்கே தரை பளபளவென்று இருக்கிறது, எங்கே வடிகால் மூடி, எங்கே சாய்வு நாற்காலிகள் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

அப்படியே ஜிம்முக்குள் எட்டிப் பார்த்து, டிரெட்மில்லுக்கு நேர வரம்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கப்பல்களில் ஒருவருக்கு 30 நிமிடம்தான்.

படி 4: வாட்ச்சில் ஜிபிஎஸ்ஸை அணைக்கவும்

புதிதாகப் போகிற எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கப்பல் 20 நாட் வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். நீங்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் டெக்கைச் சுற்றுகிறீர்கள். கப்பலின் முன்பக்கம் நோக்கி ஓடும்போது வாட்ச் உங்களை 47 என்று காட்டும், பின்பக்கம் நோக்கி ஓடும்போது 27 என்று காட்டும். அரை மணி நேரத்தில் உங்கள் கால் ஓடியது 5 கிலோமீட்டர். வாட்ச் பதிந்தது 18க்கு மேல். ஐந்து கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் முடித்த 'சாதனை' உங்கள் கணக்கில் ஏறிவிடும். அதைவிட மோசம், வாட்ச் கணக்கிடும் உடற்திறன் மதிப்பீடுகளும் குழம்பும்.

டெக்கில் ஓடினாலும் வாட்ச்சில் 'டிரெட்மில்' அல்லது 'இன்டோர் ரன்' என்பதையே தேர்ந்தெடுங்கள். அப்போது கை வீச்சை வைத்துத் தூரத்தைக் கணிக்கும். அதுவும் துல்லியமில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் லேப் பட்டனை அழுத்துங்கள். சுற்று எண்ணிக்கையை மீட்டரால் பெருக்கி, சேமிக்கும்போது தூரத்தைத் திருத்திவிடலாம்.

படி 5: டெக்கில் ஓடுவது

கப்பல் நகர்வதால் உங்கள் ஓட்டத்துக்கு ஏற்படும் ஒரே பெரிய மாற்றம் காற்று. காற்றே வீசாத நாளிலும் 20 நாட் கப்பலில் மணிக்கு 37 கிலோமீட்டர் எதிர்க்காற்று உண்டு. எதிரே 10 நாட் காற்றும் சேர்ந்தால் 55 ஆகிவிடும். ஒரு பக்கம் உங்களைப் பிடித்துத் தள்ளும், மறுபக்கம் முதுகில் கை வைத்து ஓட்டும். இதில் 'கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம்' என்று வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் எதிர்க்காற்றில் நெஞ்சு அடைக்கும். டெக்கில் ஓடுவது எப்போதும் எளிதான ஓட்டமாக இருக்கட்டும்: முழு வாக்கியம் பேச முடிகிற வேகம், 20 முதல் 25 நிமிடம்.

விடியற்காலையில் ஊழியர்கள் டெக்கைக் கழுவுவார்கள். மரப்பலகையும் பெயின்ட் அடித்த இரும்பும் ஈரத்தில் வழுக்கும், அதில் உப்புத் தூவானமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தரை உலர்ந்த பிறகு, காலை உணவுக்குக் கூட்டம் கிளம்புவதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரம்தான் நல்ல நேரம். இன்னொன்று, 200 மீட்டர் வளையத்தில் நான்கு திருப்பம் என்றால் 3 கிலோமீட்டரில் 60 திருப்பம், அத்தனையும் ஒரே பக்கம். முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்குவது இதனால்தான். திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து அகலமாகத் திரும்புங்கள். வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

கயிறு கட்டி டெக்கை மூடியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். காற்று அந்த அளவுக்கு இருக்கிறது என்று பொருள்.

படி 6: டிரெட்மில்லில் வேக ஓட்டம்

திட்டத்தின் உயிர் இதுதான். கடலில் மட்டும் கழியும் நாளில் இதை வையுங்கள். 30 நிமிட வரம்புக்குள் சரியாக அடங்கும் ஒரு பயிற்சி:

1. 5 நிமிடம் வேக நடையிலிருந்து மெது ஓட்டத்துக்கு.
2. 2 நிமிடம் வேக ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இப்படி 6 முறை, மொத்தம் 21 நிமிடம். வேக ஓட்டம் என்பது உங்கள் சாதாரண வேகத்தைவிட மணிக்கு ஒன்றரை முதல் 2 கிலோமீட்டர் கூடுதல். சாதாரணமாக 8 என்றால் இதில் ஒன்பதரை அல்லது 10.
3. 4 நிமிடம் நடை.

ஐந்தாவது சுற்றில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியக்கூடாது. ஆறாவதை முடிக்கவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம். அடுத்த முறை வேகத்தை மணிக்கு அரை கிலோமீட்டர் குறையுங்கள்.

தரையில் டிரெட்மில் ஓடுகிறவர்கள் சாய்வை 1 சதவீதம் வைப்பது வழக்கம். கப்பலில் அதை 0விலேயே விடுங்கள். காரணம் எளிது. கப்பல் முன்பின்னாக வெறும் 2 டிகிரி ஆடினாலே உங்கள் காலடியில் சாய்வு மூன்றரை சதவீதம் ஏறி இறங்கும். பல கப்பல்களில் ஜிம் முன்முனையில், மேல் டெக்கில் இருக்கிறது. பார்க்க அழகான இடம், ஆனால் ஆட்டம் அதிகமாகத் தெரிவதும் அங்கேதான். அதனால் திரையில் தெரியும் வேகத்தைவிட மூச்சை நம்புங்கள்.

பாதுகாப்பு கிளிப்பை உடையில் மாட்டாமல் ஏறவே ஏறாதீர்கள். பார்வை டிவியில் வேண்டாம், கண்ணாடிக்கு வெளியே தொடுவானத்தில் இருக்கட்டும், குமட்டல் குறையும். கடல் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லையா? நீச்சல் குளத்தைப் பாருங்கள். தண்ணீர் ததும்பிக் கரையைத் தாண்டுகிறது, அல்லது வலை போட்டு மூடியிருக்கிறார்கள் என்றால் டிரெட்மில் வேண்டாம். மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்தது, பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் புக்கெட் பக்கம் அலை கூடும்.

குமட்டலுக்கு அவோமின் போட்டிருந்தால் அன்று டிரெட்மில்லும் வெயில் ஓட்டமும் கூடாது. தூக்கம் வரும், வியர்வையும் குறையலாம். அன்றைக்கு நடை போதும்.

ஜிம் காலியாக இருக்கும் நேரம் இரண்டு: கப்பல் துறைமுகத்தில் நிற்கும் பகல், இரவு உணவு வேளை.

படி 7: துறைமுகத்தில் இறங்கி ஓடுவது

பினாங்கில் கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் துறை. பினாங்கின் முக்கிய நகரமான ஜார்ஜ் டவுனின் நடுவிலேயே இறங்குகிறீர்கள். வெளியே வந்தால் விக்டோரியா மணிக்கூண்டு, அதையடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை, அதைத் தாண்டினால் கடலோர எஸ்பிளனேட். ஓடுவதற்கு வாகாக இருப்பது இந்தக் கடற்கரை ஓரம்தான். ஊருக்குள் கடைகளின் முன்நடையில் பைக்குகளும் பலகைகளும் வழிமறிக்கும். வழி தொலையாமல் இருக்க ஒரே விதி: 15 நிமிடம் ஒரு திசையில் ஓடுங்கள், அதே வழியில் திரும்புங்கள். இங்கே ஜிபிஎஸ்ஸைத் தாராளமாகப் போடலாம். ஓடி முடித்த பிறகு இட்லி, காபி வேண்டுமென்றால் லிட்டில் இந்தியா நடை தூரம்தான்.

புக்கெட் வேறு கதை. பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குவது உண்டு. அந்த வரிசையில் நின்று கரை சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். எங்கள் யோசனை, புக்கெட்டில் ஓட வேண்டாம். குடும்பத்தோடு கடலில் குளியுங்கள், அதை ஓய்வு நாளாக வையுங்கள்.

எங்கே இறங்கினாலும் நேரத்தில் ஏமாறக்கூடாது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கினால், நாலரைக்குள் ஏற வேண்டிய நீங்கள் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்ட போனில் நாலு மணி பார்த்து நிம்மதியாக நடந்து வரும்போது கப்பலில் மணி ஐந்து. போனிலும் வாட்ச்சிலும் தானாக நேரம் மாறும் வசதியை அணைத்து, கப்பல் நேரத்தையே வையுங்கள். கப்பல் அட்டை, அடையாளச் சான்றின் நகல், கொஞ்சம் உள்ளூர்ப் பணம் மூன்றும் இடுப்புப் பையில் இருக்கட்டும். திரும்ப வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகவே ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

படி 8: படிக்கட்டு

டிரெட்மில்லும் கிடைக்கவில்லை, டெக்கும் ஈரம் என்றால் படிக்கட்டு இருக்கிறது. ஒரு டெக்கின் உயரம் சுமார் 3 மீட்டர். பத்து டெக் வேகமாக ஏறி, லிஃப்டில் இறங்கி, மறுபடி ஏறுங்கள். நான்கு முறை போதும். கைப்பிடி எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஓடாதீர்கள், வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். இறங்குவதற்கு லிஃப்ட் என்று சொல்வது சோம்பலுக்காக இல்லை. படியிறங்கும்போதுதான் தொடைத்தசை அடிவாங்கி இரண்டு நாள் வலிக்கும்.

சாப்பாடும் தண்ணீரும்

பஃபேயைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருங்கள் என்று சொல்லமாட்டோம். முழுச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் 3 மணி இடைவெளி விடுங்கள். காலையில் ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். ஏசி கேபினில் தாகம் தெரியாது, ஆனால் தண்ணீர் குறைந்திருக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்துக்கொண்டே இருங்கள். பாட்டிலை நேரடியாகக் குழாயில் பிடிக்கப் பல கப்பல்களில் அனுமதியில்லை, டம்ளரில் பிடித்து ஊற்றிக்கொள்ளுங்கள். டிரெட்மில் கைப்பிடியைத் தொட்ட கையை, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸுக்குச் சானிடைசர் சரிப்படாது.

நான்கு இரவுக்கு மாதிரித் திட்டம்

முதல் நாள் 20 நிமிட நடை. இரண்டாம் நாள் பினாங்கில் 30 நிமிட எளிய ஓட்டம். மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் கடலில் 30 நிமிட வேக ஓட்டம். கடல் முரண்டு பிடித்தால் படிக்கட்டு, ஆட்டம் மிக அதிகமானால் அதுவும் வேண்டாம். டெக் ஓட்டம் விருப்பம்; ஏழு இரவுப் பயணத்தில் மூன்றாவது ஓட்டமாக அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள் இறங்கியதும் தரை ஆடுவதுபோல் இருக்கும். சிலருக்கு இது ஓரிரு நாள் நீடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆட்டம் அடங்கும்வரை போக்குவரத்து உள்ள சாலையில் ஓடாதீர்கள். முதல் ஓட்டம் சமதளமான பூங்காவில் 20 நிமிடம், மெதுவாக. அந்த வாரத்தின் நீண்ட ஓட்டத்தை, விட்டுப்போன கிலோமீட்டரையெல்லாம் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காமல், கிளம்பும் முன் ஓடிய அதே தூரத்துக்கே வையுங்கள்.