புது சைலன்சர் நழுவியதற்குக் காரணம் கிளாம்ப் அல்ல

நாலு நாள் கழித்து ஒருவழியாகச் சரியானது. பழைய பைக்கில் மாட்டிய புது சைலன்சர், சூடானதும் பின்னால் நழுவி, இணைப்பில் புகை கக்கியது. இணைப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப்பை இன்னும் இறுக்கினேன். போல்ட் மரைதான் போனது.

வெர்னியர் அளவுகோலில் அளந்தால், என்ஜினிலிருந்து சைலன்சருக்குள் நுழையும் பெண்ட் பைப்பின் வெளிவிட்டம் 38 மி.மீ., சைலன்சர் வாய் உள்விட்டம் 39.5. அதைவிட முக்கியம், வாயில் இருந்த பிளவு கிளாம்ப்புக்கு முன்பே முடிந்திருந்தது. பிளவில்லாத இடத்தில் எவ்வளவு இறுக்கினாலும் குழாய் சுருங்காது.

ஹேக்ஸாவால் பிளவை கிளாம்ப்பைத் தாண்டி 5 மி.மீ. நீட்டினேன் (பைப் அதையும் தாண்டி உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் கசியும்). இடைவெளியைக் குறைக்க 0.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு பைப்பில் ஒரே சுற்று. முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, முதலில் என்ஜின் ஹெட் பக்கம், பிறகு கிளாம்ப், கடைசியில் சைலன்சரைத் தாங்கும் பின்பக்க பிராக்கெட் என்று இறுக்கினேன். சூடாகி ஆறியதும் கிளாம்ப் இன்னும் கால் சுற்று வாங்கியது.