ஐந்து அச்சு மெஷினில் பிளிஸ்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்க்கும் பிளேடுகளும் ஒரே துண்டில் வெட்டியெடுக்கப்படும் என்ஜின் பாகம்தான் பிளிஸ்க். மூன்று நேர் அச்சுகளோடு இரண்டு சுழல் அச்சுகளும் உள்ள ஐந்து அச்சு மெஷினுக்குப் புதிதாக வருபவர்கள் அதில் பழைய தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கூலண்ட் திறக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுவோம்.

மையப் பிழையை ஆஃப்செட்டில் மறைப்பது

ஆண்டுக்கணக்கில் பார்த்தும் எரிச்சல் குறையாத தவறு இது. டேபிள் சுழலும் மெஷினில், கன்ட்ரோலில் பதிந்த சி அச்சின் (டேபிள் சுழலும் அச்சு) மையம் 0.02 மி.மீ. தவறாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சி 0 டிகிரியில் ஜீரோ (அளவுகளின் தொடக்கப் புள்ளி) எடுத்தால் அந்தப் பக்கம் கச்சிதமாக வரும். 180 டிகிரி திரும்பியதும் பிழை 0.04 ஆகிவிடும். அங்கே பொருள் மிஞ்சுவதைப் பார்த்து, கட்டர் தேய்ந்துவிட்டது என்று எண்ணி, ஆர ஆஃப்செட்டில், அதாவது கட்டரின் ஆரமாகக் கன்ட்ரோலில் பதிந்த அளவில், 0.04 குறைக்கிறார்கள். அந்த முகம் சரியாகிறது. எதிர் முகத்தில் அதே 0.04 கூடுதலாக வெட்டுப்பட்டு, பிளேடு மெலிந்து, பல மணி நேர வேலை ஸ்கிராப்புக்குப் போகிறது.

கட்டர் தேய்ந்திருந்தால் எல்லா முகங்களிலும் மிஞ்சும். ஒரு பக்கம் மிஞ்சி எதிர்ப்பக்கம் சரியாக இருந்தால் ஆஃப்செட்டைத் தொடாதீர்கள்; மையத்தைச் சந்தேகியுங்கள்.

முதலில் ஸ்பிண்டிலையும் சுழல் அச்சுகளையும் அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும் என்பதால், குளிர்ந்த மெஷினில் எடுத்த மையம் மதியத்துக்கு உதவாது. பிறகு அளவீட்டுக் குண்டை (அளவு துல்லியமாகத் தெரிந்த உருண்டை) டேபிள் மையத்திலிருந்து தள்ளிப் பொருத்தி, சி 0, 90, 180, 270 டிகிரிகளிலும், சாய்வு அச்சை இரு பக்கமும் சாய்த்தும் புரோப் செய்யுங்கள் (தொட்டு அளக்கும் கருவியால் அதன் இடத்தை எடுங்கள்). கிடைத்த மையத்தைப் பதிந்து, மறுபடி அளந்து உறுதி செய்யுங்கள். சின்ன இடி பட்டாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கோணத்தையும் விடாதீர்கள்: 0.01 டிகிரி பிழை 200 மி.மீ. தூரத்தில் 0.035 மி.மீ.

பிளேடு முழுவதையும் மெலித்துவிட்டு ஃபினிஷிங்குக்கு வருவது

தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். பிளேடு அதிரத் தொடங்கும். மேலிருந்து பட்டை பட்டையாக, இரு முகமும் முடித்தபடி இறங்குங்கள். அடியில் தடிமன் இருக்கும்வரை அதுவே தாங்கும்.

பால்நோஸ் நுனியால் வெட்டுவது

பால்நோஸ் என்பது முனை உருண்டையான கட்டர்; அதன் நுனியில் வெட்டும் வேகம் பூஜ்யம். அங்கே உலோகம் வெட்டுப்படாமல் உரசப்படும். இன்கோனல் 718 என்ற நிக்கல் உலோகக்கலவை அப்படி உரசப்பட்டால் இறுகிவிடும். 10 மி.மீ. கட்டர் நேராக நின்று 0.2 ஆழத்தில் வெட்டும்போது செயல்படும் (உண்மையில் பொருளில் படும்) விட்டம் 2.8 மி.மீ. மட்டுமே, 15 டிகிரி சாய்த்தால் 5.2 ஆகும்.

கட்டரை நீளமாகப் பிடிப்பது

ஹோல்டருக்கு வெளியே நிற்கும் நீட்டம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு.