சோர் பஜாரில் சிகரெட் கார்டு: அசலா, மறுபதிப்பா?

மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் சிகரெட் கார்டு, அதாவது அந்தக் காலத்து சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த பட அட்டை, தேடப் போகிறவர்கள் இரண்டு சாமான் எடுத்துப் போக வேண்டும்: நகை ஆசாரிகள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல். வில்ஸ் கம்பெனி இந்திய விற்பனைக்கு விட்ட 'சிஸர்ஸ்' பிராண்ட் சிகரெட்டின் கார்டுகளை முதலில் கேளுங்கள்.

கார்டு கைக்கு வந்ததும் பின்பக்கம் திருப்புங்கள். கம்பெனிக்கு வேலை செய்தது அந்தப் பக்கம்தான். 1881-ல் அமெரிக்கர் ஜேம்ஸ் பான்சாக் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஒரே நாளில் லட்சத்துக்கு மேல் சிகரெட் சுற்றித் தள்ளியது; அத்தனையும் விற்றாக வேண்டும். காகிதப் பாக்கெட் நசுங்காமலிருக்கச் செருகிய அட்டையிலேயே படம் அச்சடித்து, '50-ல் 17' என்று வரிசை போட்டார்கள். மீதி 49-க்காக ஆள் அதே பிராண்டை விடமாட்டான். ஆகவே கம்பெனிப் பெயர், வரிசைப் பெயர், எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ஆலன் அண்ட் ஜின்டர் போன்ற பழைய அமெரிக்கக் கார்டுகளில் எண்ணுக்குப் பதில் முழுப் பட்டியலே இருக்கும்.

அடுத்து எழுத்தை லென்ஸில் பாருங்கள். இதுதான் முக்கியமான சோதனை. அசலில் எழுத்து ஒரே நிற மையால் இடைவெளியின்றி நிரம்பி, விளிம்பு தெளிவாக இருக்கும். மறுபதிப்பில் பெரும்பாலும் எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். படத்தை மட்டும் நம்பக் கூடாது: ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுக்கல் வைத்து அச்சடித்த பழைய கார்டில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும், ஆனால் பிற்கால அசல்களில் சீரான புள்ளிகளும் உண்டு.

பிரிட்டிஷ் கார்டு பெரும்பாலும் 68 × 36 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தால், மழுங்கிய மூலையை மறைக்க ஓரம் வெட்டியிருக்கலாம். ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பு ரசாயனம் 1950-ஐ ஒட்டித்தான் காகிதத்தில் பரவியது. ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை.

வாங்கிய பிறகு மழைக்காலம்தான் எதிரி. 1930-களின் கார்டுகள் பலவற்றின் பின்னால் ஆல்பத்தில் ஒட்டுவதற்கான பசை உண்டு. ஜூலை ஈரத்தில் அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். பிய்க்காதீர்கள், தண்ணீரிலும் போடாதீர்கள். பசை கரைந்தால் மதிப்பும் போய்விடும். தபால்தலை சேர்ப்பவர்கள் செய்வதுபோல ஜிப் உறையில் மூடி ஃப்ரீசரில் வைத்துப் பிரிகிறதா என்று பார்க்கலாம், முதலில் விலை குறைந்த கார்டில்.

ஒவ்வொன்றையும் தனித்தனி பாலியெஸ்டர் உறையில் போடுங்கள், இரண்டு பக்கமும் தெரியும். புது ரெயின்கோட் வாசனை அடிக்கும் பி.வி.சி. உறை மையை உரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் வையுங்கள். ஈரம் ஏறிப் பச்சையானதும் 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் திரும்ப உதவும். ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் மட்டும் டப்பாவை வைக்காதீர்கள்.